சீட்டில் எழுதிவிட்டுப் பேசுங்கள்: புதிதாக டீம் பொறுப்பு எடுத்தவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குப் பொறுப்பு, காட்பாடியில் பத்து பேர் இருக்கும் ஆபீஸுக்கு டீம் லீடர், இப்படி ஏதோ ஒன்று உங்களுக்குப் புதிதாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் வரை உங்கள் வேலையை மட்டும் பார்த்தீர்கள். இப்போது பத்துப் பதினைந்து பேர் செய்யும் வேலைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு சிக்கல் வந்தால் மேனேஜர் முதலில் கேட்பது "டீமைக் கூப்பிட்டுப் பேசினியா?" என்பதுதான். சரி என்று எல்லோரையும் கூப்பிட்டு, "என்ன பண்ணலாம், ஆளாளுக்குச் சொல்லுங்க" என்கிறீர்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இருபது வருஷம் சர்வீஸ் உள்ள ஒரு அண்ணா ஏதாவது சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கூட்டம் கலையும். அடுத்த வாரம் அதே சிக்கல் திரும்ப வரும்.

பலர் சேர்ந்தால் நல்ல யோசனை தானாக வந்துவிடும் என்று நம்புவதால்தான் இப்படி ஆகிறது. தானாக வராது. ஒவ்வொருவரும் முதலில் தனியாக யோசித்து, யோசித்ததை எழுதி வைத்துவிட்டு, அப்புறம் சேர்ந்து பேசினால் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பதினைந்து பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒருவரின் யோசனைதான் மிஞ்சும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான வேலைகள்தான்.

முதலில் ஒரு தோலை விரித்துப் பாருங்கள்

சொன்னால் நம்பிக்கை வராது, செய்து பார்த்தால் வரும். கட்டிங் பிரிவிலிருந்து ஒரு முழுத் தோலை வாங்கி மேசைமேல் விரியுங்கள். தோலின் பின்பக்கம் எத்தனை சதுர அடி என்று குறித்திருப்பார்கள், அது கண்ணில் படாதபடி விரிக்க வேண்டும். டீமில் இருக்கும் எல்லோருக்கும், டிராலி தள்ளும் ஹெல்பர், பெருக்கிக் கூட்டும் அக்கா உட்பட, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. இது எத்தனை சதுர அடி இருக்கும் என்று, யாரிடமும் கேட்காமல், பக்கத்தில் எட்டிப் பார்க்காமல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சீட்டுகளைச் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரை அடுக்கி, நடுவில் நிற்கும் சீட்டை எடுங்கள். தோலைத் திருப்பி உண்மையான அளவைப் பாருங்கள். அந்த நடுச்சீட்டு டீமில் குறைந்தது பாதிப் பேரின் கணிப்பைவிட மோசமாக இருக்கவே முடியாது, அது கணக்கு. பல சமயம் அதைவிட ரொம்ப நெருங்கியே வரும்.

இப்போது இன்னொரு தோல். இந்த முறை சீட்டு வேண்டாம், வாயால் சொல்லச் சொல்லுங்கள், அனுபவமுள்ள கட்டரிலிருந்து தொடங்குங்கள். அவர் ஒரு எண் சொன்னதும் அடுத்தவர் அதில் அரை அடி கூட்டியோ குறைத்தோ சொல்வார், அதற்கடுத்தவரும் அப்படியே. அவர் சொன்னது சரி என்றால் எல்லோரும் சரி, தவறு என்றால் எல்லோரும் சேர்ந்து தவறு. ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ இருப்பவர்கள் ஒரு பாட்டில் நிறையப் புளிப்பு மிட்டாய் போட்டு எண்ணிக்கை கேட்டால் போதும்.

இதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருவர் பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் பிளிமத் ஊரில் 1906இல் ஒரு கால்நடைக் கண்காட்சி. ஒரு மாட்டைக் காட்டி, வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை தேறும் என்று போட்டி வைத்தார்கள், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி எழுதிப் போட வேண்டும். எழுதியவர்களில் கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் இருந்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் பிறகு அந்தச் சீட்டுகளை வாங்கி அடுக்கிப் பார்த்தார். செல்லுபடியான 787 சீட்டில் நடுச்சீட்டு சொன்னது 1207 பவுண்டு. உண்மை எடை 1198 பவுண்டு. நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. அங்கே யாரும் மேடை ஏறிப் பேசவில்லை, யாரும் யாருக்கும் தலையாட்டவில்லை, அவரவர் சீட்டு அவரவர் கையில் இருந்தது. அதுதான் விஷயம்.

ஆனால் எடை கணிப்பது வேறு, லைனில் சோல் ஏன் பிரிகிறது என்று கண்டுபிடிப்பது வேறு. காரணங்களுக்கு நடு எண் எடுக்க முடியாது. ஆளாளுக்குத் தெரிந்த துண்டுகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதுதான் அங்கே வேலை. இனி அதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஆம்பூர் பக்கம் ஒரு யூனிட்டில் நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு சிக்கலையே கடைசிவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அங்கே வந்த சிக்கல் இது. ஒட்டு எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்கும் பாண்டிங் டெஸ்டில் சில ஜோடிகளுக்கு சோல் பிரிந்து வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்பரிலும் (ஷூவின் மேல்பகுதி) சோலிலும் பசை தடவி (இதுதான் பேஸ்டிங்), காயவிட்டு, சூடுபடுத்தி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஒட்டுவார்கள். பசை காய்ந்ததிலிருந்து ஒட்டும்வரை இவ்வளவு நேரத்துக்குள் என்று ஒரு கணக்கு உண்டு. அது தாண்டினால் பிடிப்பு குறையும், மேலே தூசியும் உட்காரும்.

சூப்பர்வைசர் முதலில் போர்டில் எழுதியது: "பேஸ்டிங்கில் கவனக் குறைவால் சோல் பிரிகிறது." இப்படி எழுதினால் முடிந்தது கதை. காரணத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், குற்றவாளியையும் காட்டிவிட்டீர்கள், இனி பேஸ்டிங் அக்காக்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார்கள். மாற்றி எழுதினார்: "இந்த மாதம் இந்த மாடலில், டெஸ்டுக்கு எடுத்த ஜோடிகளில் இத்தனை ஜோடிக்கு முன்பக்கம் சோல் பிரிகிறது." எந்த மாடல், எந்த இடத்தில், எத்தனை, எப்போதிலிருந்து. அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஆள் பெயரும் வேண்டாம், "ஏனென்றால்" என்ற வார்த்தையும் வேண்டாம். ஆஸ்பத்திரி என்றால் "நர்சுகள் லேட்டாக மருந்து கொடுக்கிறார்கள்" என்று எழுதாமல் "இரவு எட்டு மணி மருந்து இந்த வார்டில் ஒன்பதைத் தாண்டிப் போகிறது" என்று எழுதுங்கள்.

யாரைக் கூப்பிடுவது

ஆறிலிருந்து பத்து பேர் போதும், அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வேலையைக் கையால் செய்பவர்கள் கட்டாயம். அவர்களுக்கு முந்தின வேலையிலிருந்து ஒருவர், பிந்தின வேலையிலிருந்து ஒருவர். அப்புறம், யாரும் கூப்பிடாத ஒருவர்: டிராலி தள்ளுபவர், ஸ்டோரில் பொருள் எடுத்துக் கொடுப்பவர், வார்டில் ஆயாம்மா, ஆபீஸில் போன் எடுப்பவர். இவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, லைன் முழுக்க நடக்கிறார்கள், அதனால் மற்றவர்கள் பார்க்காததைப் பார்க்கிறார்கள்.

தரம் பற்றிய யோசனையை மேனேஜர்கள் அறையிலிருந்து எடுத்து வேலை செய்பவர்கள் கையில் கொடுத்தது ஜப்பானில் 1962இல் தொடங்கிய குவாலிட்டி சர்க்கிள்தான், கவுரு இஷிகாவா அதற்கு முன்னோடி. ஒரே இடத்தில் வேலை செய்யும் சின்னக் குழு தவறாமல் கூடி, தங்கள் வேலையில் இருக்கும் சிக்கலைத் தாங்களே எடுத்துப் பேசுவது. நம் நாட்டில் பெல் (BHEL) என்ற அரசு நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. ராணிப்பேட்டைக்காரர்களுக்கு பெல் என்றால் யாரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அங்கே வேலை பார்த்து ரிடையர் ஆனவர் இருந்தால் குவாலிட்டி சர்க்கிள் பற்றிக் கேட்டுப் பாருங்கள், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத விஷயம் கிடைக்கும்.

நேரம், இடம்

ஷிஃப்ட் முடிந்த பிறகு கூட்டம் வைக்காதீர்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களுக்குக் கம்பெனி பஸ் போய்விட்டால் வீடு போய்ச் சேர்வதே பெரிய பாடு. கண் கடிகாரத்தில் இருக்கும்போது யாரும் யோசிக்க மாட்டார்கள், "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு ஓடத்தான் பார்ப்பார்கள். வேலை நேரத்துக்குள்ளேயே, லைன் பக்கத்திலேயே, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அரை மணி உற்பத்தி போகுமே என்று மேனேஜர் கேட்டால், போன வாரம் ரீவொர்க்குக்கு எத்தனை மணி நேரம் போனது என்ற கணக்கை எடுத்துக் காட்டுங்கள். ஏசி கான்ஃபரன்ஸ் ரூம் வேண்டாம், அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து கை கட்டிக்கொள்வார்கள்.

சீட்டு

இதுதான் உயிர். இதை மட்டும் விடாதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி சீட்டு, ஒரே நிறப் பேனா. பத்து நிமிடம் பேச்சே கூடாது. இரண்டு கேள்வி மட்டும்: "இந்தச் சிக்கல் எப்போது, எங்கே அதிகமாக வருவதைப் பார்த்தீர்கள்?" அப்புறம் "என்ன காரணமாக இருக்கலாம்?" முதல் கேள்வி முக்கியம். காரணம் கேட்டால் பயப்படுவார்கள், பார்த்ததைக் கேட்டால் தயங்காமல் எழுதுவார்கள். பெயர் போட வேண்டாம். தமிழிலோ உருதுவிலோ தெலுங்கிலோ இந்தியிலோ எழுதலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் பக்கத்து லைன்களில் இந்த நாலும் ஓடுகிறது, தமிழில்தான் எழுத வேண்டும் என்றால் பாதி அறிவு வெளியிலேயே நின்றுவிடும். எழுத வராதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் காதில் சொல்லி எழுதிக்கொள்ளட்டும், ஆனால் அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது.

எழுதாமல் நேரடியாகப் பேசினால் என்ன என்று கேட்பார்கள். எல்லோரும் உட்கார்ந்து மனதில் பட்டதைச் சத்தமாகச் சொல்வது, யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, இதை அமெரிக்காவில் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் பிரபலமாக்கினார், பிரெய்ன்ஸ்டார்மிங் என்று இன்றும் எல்லா ஆபீஸிலும் நடக்கிறது. குறை சொல்லாதே என்ற அவர் விதி தங்கம், அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசனை சொன்னது ஒரு பக்கம், நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைப் பிறகு ஒன்றாகச் சேர்த்தது இன்னொரு பக்கம். தனியாக யோசித்தவர்களுடையதைச் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனை வந்தது. 1987இல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் இதற்கு முக்கியக் காரணம் என்ன என்று தேடினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறந்துபோகிறது, அல்லது சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. சீட்டில் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, பத்து பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி.

ஆபீஸ் டீமுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குரூப்பில் "ஐடியா சொல்லுங்க" என்று போடாதீர்கள். முதலில் பதில் போட்டவர் சொன்னதற்குக் கட்டை விரல் வரிசையாக வரும், அவ்வளவுதான். தனித்தனியாக ஒருவருக்கு அனுப்பச் சொல்லி, அவர் எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு மொத்தமாகத் தொகுத்துப் போடட்டும்.

படிப்பது

சீட்டுகளைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படியுங்கள், இரண்டு முறை. கையெழுத்து தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருங்கள். ஒரே மாதிரி சீட்டுகளை ஒன்றாக ஒட்டுங்கள். ஆனால் ஒரே ஒரு சீட்டில் மட்டும் வந்த விஷயத்தைத் தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே ஒட்டுங்கள்.

எதற்கு அப்படி? 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு குழுவில் சில தகவல்களை எல்லோருக்கும் கொடுத்து, சிலவற்றை ஆளுக்கு வேறுவேறாகத் தனியாகக் கொடுத்து, சேர்ந்து முடிவெடுக்கச் சொன்னார்கள். எல்லாத் தகவலையும் கூட்டிப் பார்த்தால்தான் சரியான முடிவு தெரியும் என்ற மாதிரி அமைத்திருந்தார்கள். குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைச் சுற்றியே முடிவெடுத்தன, தனியாக ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் முடிவுக்குள் வரவே இல்லை. நம் கூட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் பேசி, ஒத்துப்போகிறோம் என்று சந்தோஷப்பட்டுக் கலைகிறோம்.

அந்த ஆம்பூர் லைனில் வந்த சீட்டுகளைச் சொல்கிறேன். பாதிக்கு மேல் "பசை இந்த லாட் தண்ணியா இருக்கு" என்றுதான் இருந்தது, மேனேஜர் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தார், அதனால் அது எல்லோர் வாயிலும் இருந்தது. ஒன்றில் "ரஃபிங்ல ஓரம் விட்டுப் போகுது", அதாவது பசை பிடிக்கத் தோலைச் சொரசொரப்பாக்கும்போது ஓரம் விட்டுப்போகிறது. பிரஸ்காரர் சீட்டு என்று ஊகிக்க முடிந்த ஒன்றில் "பிரஷர் சரியா இருக்கு, பார்த்துட்டேன்". அப்புறம் இரண்டு சீட்டு, இரண்டுமே யாரும் சொல்லாத விஷயம். டெஸ்ட் எடுக்கும் பெண் எழுதியது: "மதியம் சாப்பிட்டு வந்ததும் வர்ற முதல் ரேக்குலதான் அதிகம் பிரியுது." டிராலி தள்ளும் பையன் உருதுவில் எழுதியிருந்தான், பக்கத்திலிருந்தவர் படித்துச் சொன்னார்: "சாப்பாட்டு பெல் அடிச்சா பசை போட்டது ரேக்கிலேயே நிக்குது."

அந்தப் பெண்ணுக்குப் பசை எப்போது போடுகிறார்கள் என்று தெரியாது. அந்தப் பையனுக்கு டெஸ்டில் எது பிரிகிறது என்று தெரியாது. ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டியதும் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெல்லுக்கு முன்னால் பசை தடவிய ஜோடிகள், சாப்பாட்டு நேரம் முழுவதும் காத்திருந்து, நேரம் தாண்டிய பிறகு பிரஸ்ஸுக்குப் போகின்றன. இரண்டு பேரும் அதே லைனில் தினமும் நிற்பவர்கள். கேட்காததால் சொல்லவில்லை.

பேசுவது

இப்போதுதான் பேச்சு. விதி ஒன்று: சர்வீஸ் குறைந்தவர் முதலில், கூடினவர் கடைசியில், நீங்கள் எல்லோருக்கும் கடைசி. மேனேஜர் வந்தால் அவர் முதல் பாதி வராமல் இருப்பது நல்லது, வந்தால் காது கொடுத்துக் கேட்க மட்டும் வேண்டும்.

மனிதர்கள் தலையாட்டுவது பயத்தால் மட்டும் இல்லை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனையில், எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று கேட்டார்கள், சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கூட இருந்தவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அந்தத் தவறான பதிலைச் சொல்லிவிட்டார்கள். அதிலேயே இன்னொன்றும் தெரிந்தது: குழுவில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால்கூட இந்தத் தலையாட்டல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உங்கள் டீமில் அந்த ஒரு ஆள் யார் என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துப் பேசுகிறார் என்று அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் டீமுக்கே நஷ்டம்.

சீனியர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாளே தனியாகப் போய்ப் பேச வேண்டும். அந்த லைனில் இருந்த மூத்த மேஸ்திரியிடம் சூப்பர்வைசர் இப்படித்தான் சொன்னார்: "பாய், நாளைக்கு நீங்க கடைசியாப் பேசணும். நீங்க முதல்ல பேசினா உங்க வார்த்தைக்கு மேல யாரும் பேச மாட்டாங்க. எனக்கு அந்தப் பசங்களுக்கு என்ன தெரியும்னு பார்க்கணும், அது சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்." அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். கடைசியில் பசை காயும் நேரம் பற்றி அவர் சொன்ன விளக்கம்தான் இரண்டு சீட்டையும் உறுதி செய்தது. அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது கடைசியில் வந்தால் சல்லடையாக வேலை செய்யும், முதலில் வந்தால் மூடியாகிவிடும்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவை சிகிச்சை சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் என்ன பொறுப்பு என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவர் தப்பு நடக்கும்போது இரண்டாம் முறை திறப்பது சுலபம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஒரு வரியால் மட்டும் குறைந்தது என்று சொல்ல முடியாது, பட்டியலில் மற்ற விஷயங்களும் உண்டு. ஆனால் உங்கள் கூட்டத்திலும் முதல் நிமிடம் எல்லோரையும் ஒரு வார்த்தையாவது பேச வைத்துவிடுங்கள்.

காரணம் கிடைத்ததும் அங்கேயே நிற்காமல் "ஏன்" என்று இன்னும் நாலைந்து முறை கேளுங்கள், டொயோட்டாவில் இருந்து வந்த பழக்கம் இது. பசை ஏன் காத்திருந்தது? பிரஸ்காரரும் அதே பெல்லுக்குச் சாப்பிடப் போகிறார். ஏன்? பெல் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்போது பேஸ்டிங் மட்டும் ஏன் கடைசி நிமிடம்வரை ஓடுகிறது? மணிக்கணக்கு டார்கெட் பேஸ்டிங்கில்தான் எண்ணுகிறார்கள். பாருங்கள், இதில் யாருடைய கவனக் குறைவும் இல்லை.

முடிவும் சோதனையும்

ஓட்டெடுப்பு வேண்டாம். எதைச் சின்னதாக, ஒரு வாரத்துக்குள், காசு செலவில்லாமல் செய்து பார்க்க முடியும் என்று கேட்டு அதை எடுங்கள். அங்கே எடுத்த முடிவு: சாப்பாட்டு பெல்லுக்குக் கொஞ்சம் முன்னாடியே பசை தடவுவதை நிறுத்துவது.

செய்வதற்கு முன் இன்னொரு சுற்று சீட்டு. "ஒரு வாரம் ஆச்சு, இது தோத்துப் போச்சு. ஏன் தோத்துச்சு, எழுதுங்க." கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிப் பரப்பிய முறை இது. "இதில் என்ன குறை?" என்று கேட்டால் மரியாதைக்காக வாய் மூடுவார்கள், தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு கேட்டால் தாராளமாக எழுதுவார்கள். வந்த சீட்டுகளில் முக்கால்வாசி ஒன்றையே சொன்னது: டார்கெட் குறைந்ததும் இரண்டாம் நாளே பழையபடி ஓட்டச் சொல்வார்கள். அதனால் மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி, அந்த வாரத்துக்கு எண்ணிக்கையைப் பிரஸ் முடிந்த ஜோடியில் எடுக்கச் சொன்னார்கள். பேஸ்டிங் அக்காக்கள் அந்தக் கொஞ்ச நேரத்தில் பிரஷ் கழுவி அடுத்த லாட்டை அடுக்கி வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒட்டியது எது, பின் ஒட்டியது எது என்று தெரிய ரேக்கில் சாக்பீஸ் குறி போட்டார்கள்.

வாரக் கடைசியில் மதியத்து ரேக்கில் பிரிவது நன்றாகவே குறைந்திருந்தது. முழுக்க நிற்கவில்லை. மீதிக்கு ரஃபிங்கில் ஓரம் விடுவது காரணம் என்று பிறகு தெரிந்தது, அதுவும் முதல் நாள் ஒரு சீட்டில் இருந்ததுதான். ஆகவே பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள், ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

எதற்கு இது வேண்டாம்

எல்லாவற்றுக்கும் கூட்டம் போடாதீர்கள். தோல் பதனிடும் இடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கலாமா என்பது பத்து பேர் கருத்துக் கேட்கும் விஷயமே இல்லை. விஷவாயு இருக்கும், சட்டமும் பாதுகாப்பு விதியும் என்ன சொல்கிறதோ அதுதான், பத்து பேரும் சரி என்றாலும் இறங்கக் கூடாது, ஒரே ஒருவர் நிறுத்து என்றாலும் நிறுத்த வேண்டும். ஒருவருடைய தனிப்பட்ட லீவு, சம்பளம், நடத்தை, இவையும் கூட்டத்துக்கு வரக் கூடாது. அப்புறம், மேலே ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயத்துக்கு யோசனை கேட்பது போல் நடிக்காதீர்கள். "இது முடிவாகிவிட்டது, எப்படிச் செய்வது என்று மட்டும் பேசலாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நடித்தால் ஒரே கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் சீட்டெல்லாம் வெள்ளையாகவே திரும்பி வரும்.

பதில் சொல்வது

சீட்டில் வந்த ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போர்டில் இருக்க வேண்டும்: செய்தாச்சு, செய்யப் போகிறோம், செய்ய முடியாது இன்ன காரணம். முடியாது என்ற பதிலுக்கு யாரும் கோபப்படுவதில்லை, பதிலே வராததற்குத்தான் கோபப்படுகிறார்கள். யோசனை பலித்தால், எழுதியவரிடம் தனியாக, பெயரைச் சொல்லலாமா என்று கேளுங்கள். சரி என்றால் மேனேஜர் வரும்போது அவரையே பேச விடுங்கள். நீங்கள் பேசி, "எங்க டீம் பண்ணுச்சு" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள், அந்தப் பையனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் அது சேர வேண்டியது. நல்ல பெயர் கீழே போய்ச் சேராத இடங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், அங்கே யாரும் இரண்டாம் முறை எழுதுவதில்லை.

முதல் கூட்டத்துக்கு சோல் பிரிவது மாதிரிப் பெரிய சிக்கலை எடுக்காதீர்கள். டிராலி சக்கரம் சிக்குகிறது, வெயில் நாளில் தண்ணீர் டிரம் தூரமாக இருக்கிறது, கத்தரிக்கோல் தேடவே நேரம் போகிறது, இப்படி எல்லோருக்கும் தினமும் எரிச்சல் கொடுக்கும், நீங்களே அனுமதி கேட்காமல் சரிசெய்யக்கூடிய ஒன்றை எடுங்கள். சீட்டு எழுதிய அந்த வாரமே அதைச் சரிசெய்துவிடுங்கள். பெரிய சிக்கலை அதற்கடுத்த வாரம் போர்டில் எழுதுங்கள்.